கம்பெனி கொடுத்த போன்: முதலாளிக்கு என்னவெல்லாம் தெரியும்? ‘எம்.டி.எம்.’ போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆவடி அருகே முத்தாபுதுப்பேட்டையில் இருந்து தினமும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஆபீஸில் கூப்பிட்டு புது ஸ்மார்ட்போன் ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். ஆன் செய்ததும் திரையில் ஒரு வரி வருகிறது: ‘இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது’.

பக்கத்து சீட்டில் இருப்பவருக்குப் புது போன் கிடைக்கவில்லை. “உங்க சொந்த போன்லயே இதை ஸ்கேன் பண்ணிக்கோங்க, ஆபீஸ் மெயில் வந்துடும்” என்று ஒரு க்யூஆர் கோடு மட்டும்தான் கிடைக்கிறது.

இரண்டு பேருக்கும் ஒரே சந்தேகம்தான். “நான் எங்க இருக்கேன்னு ஆபீஸுக்குத் தெரியுமா? என் வாட்ஸ்அப்பைப் படிப்பாங்களா? வீட்டு போட்டோ எல்லாம் பார்ப்பாங்களா?”

ஆனால், இருவருக்கும் பதில் ஒன்றல்ல. போன் யாருடையது, அதில் எந்த முறை போடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் முழுதாக மாறிவிடும். அதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரை.

எம்.டி.எம். என்றால் என்ன?

மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட் என்பதன் சுருக்கம்தான் எம்.டி.எம். ஒரு நிறுவனத்தின் எல்லா போன்களையும் ஒரே கம்ப்யூட்டர் திரையில் இருந்து நிர்வகிக்க உதவும் மென்பொருள் இது.

40 பேருக்கு 40 போன் கொடுத்தால், ஒவ்வொன்றையும் கையில் வாங்கி மெயில் அமைத்து, வைஃபை பாஸ்வேர்டு போட்டு, ஆப் இறக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. அட்மின் ஒரு முறை கட்டளை கொடுத்தால் 40 போனுக்கும் போய்விடும். ‘ஸ்கிரீன் லாக் கட்டாயம்’, ‘கேமரா கூடாது’, ‘இந்த ஆப்களை மட்டும்தான் போடலாம்’ என்று விதிகளும் போடலாம். போன் தொலைந்தால் தூரத்தில் இருந்தே பூட்டலாம், உள்ளே இருப்பதை அழிக்கலாம்.

மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன், சாம்சங்கின் நாக்ஸ், சென்னையைச் சேர்ந்த ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் ஆகியவை இந்தச் சேவையைத் தருகின்றன. பெயர் எதுவாக இருந்தாலும், ஆண்ட்ராய்டு போனில் கூகுளும் ஐபோனில் ஆப்பிளும் திறந்துவிட்டிருக்கும் கதவு வழியாகத்தான் இவை உள்ளே போக முடியும். அந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்பதில்தான் ஊழியரின் அந்தரங்கம் இருக்கிறது.

சின்ன கம்பெனிக்கு இது எதுக்கு?

முத்தாபுதுப்பேட்டையை ஒட்டி விமானப்படை தளம் இருக்கிறது. ஆவடியில் டாங்கி தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை. அந்தப் பக்கம் 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. இந்தப் பக்கம் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட பட்டாபிராம் டைடல் பார்க். இந்த வட்டாரத்தில் 20 பேர், 50 பேர் வேலை செய்யும் பட்டறைகளும் சர்வீஸ் கம்பெனிகளும் ஏராளம்.

இப்படிப்பட்ட இடங்களில் வேலை எப்படி நடக்கிறது? பெரிய கம்பெனி அனுப்பும் டிராயிங் வாட்ஸ்அப்பில் வரும். சூப்பர்வைசர் அதைத் தன் போனில் சேமிப்பார். வாடிக்கையாளர் பட்டியல் சேல்ஸ் ஆளின் காண்டாக்ட்ஸில் இருக்கும். அவர் வேலையை விட்டால் பட்டியலும் அவரோடு போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பெனி போனில் ஊழியர் தன் சொந்த ஜிமெயிலைப் போட்டிருப்பார். வேலையை விட்டுப் போகும்போது அதை நீக்க மறந்துவிடுவார். போனை அவசரத்தில் ரெக்கவரி வழியாக ரீசெட் செய்தால், ‘முன்பு இருந்த கூகுள் கணக்கைப் போடுங்கள்’ என்று அது அடம் பிடிக்கும். பல ஆயிரம் ரூபாய் போன், பேப்பர் வெயிட் ஆகிவிடும்.

இதற்கெல்லாம் மேலே இப்போது ஏபிகே மோசடி. ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’, ‘கல்யாணப் பத்திரிகை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். தொட்டு இன்ஸ்டால் செய்தால், எஸ்.எம்.எஸ்.-இல் வரும் ஓ.டி.பி. வேறொருவர் கைக்குப் போகும். கம்பெனியின் வங்கிக் கணக்கோடு இணைந்த போனில் இது நடந்தால் என்ன ஆகும்? பிளே ஸ்டோருக்கு வெளியில் இருந்து எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாதபடி எம்.டி.எம்.-இல் ஒரு விதி போட்டால் இந்த வழி அடைபடும்.

2020 ஜூலையில் இந்திய ராணுவம் தன் வீரர்களை 89 ஆப்களை நீக்கச் சொன்னது. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அந்தப் பட்டியலில் இருந்தன. அது வாய்மொழி ஒழுங்கு போல: உத்தரவு போட்டார்கள், ஒவ்வொருவரும் தானே நீக்க வேண்டும். எம்.டி.எம்.-இல் அப்படி இல்லை. விதியை நிறைவேற்றுவது கருவியேதான். அதுதான் அதன் பலம். பயமும் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்று வகை: உங்களுடையது எது?

1. முழு நிர்வாகம்: போன் கம்பெனிக்குச் சொந்தம், வேலைக்கு மட்டும். போன் முழுவதும் அட்மின் கையில். எல்லா ஆப்களின் பட்டியலும் தெரியும். டெலிவரி, கிடங்கு, செக்யூரிட்டி வேலைகளுக்கு இது சரி.

2. கம்பெனி போன், சொந்த உபயோகமும் உண்டு: போனுக்குள் இரண்டு அறைகள். ஒன்று ஆபீஸ், மற்றொன்று உங்களுடையது. ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு வந்த முறைப்படி, உங்கள் அறையில் என்ன ஆப் இருக்கிறது என்ற பட்டியலை கம்பெனி பார்க்க முடியாது. ஆனால், போன் அவர்களுடையது என்பதால் முழுவதையும் அழிக்கும் உரிமை அவர்களிடம் உண்டு.

3. உங்கள் சொந்த போன், ஆபீஸுக்கு ஓர் அறை மட்டும்: ஆண்ட்ராய்டில் இதற்குப் பெயர் ஒர்க் புரொஃபைல். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5-இல் இருந்தே இருக்கிறது. ஆபீஸ் ஆப்களின் மேல் சின்ன பெட்டி அடையாளம் தெரியும். கம்பெனி அழித்தால் அந்த அறை மட்டும்தான் அழியும். உங்கள் போட்டோ, வாட்ஸ்அப், வங்கி ஆப் எதையும் தொட முடியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ‘ஒர்க் ஆப்ஸ்’ என்பதை ஆஃப் செய்துவிடலாம். ஐபோனிலும் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இதே போன்ற பிரிவு உண்டு.

இந்த மூன்றில் எதுவும் தன்னளவில் கெட்டது இல்லை. முதல் வகையைச் சொந்த போனில் திணிப்பதுதான் தவறு.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆபீஸ் கொடுத்த ஆப்பை உங்கள் போனில் போடும்போது, ‘டிவைஸ் அட்மின்’ அனுமதி கேட்டு, அந்தப் பட்டியலில் ‘எல்லாத் தரவையும் அழிக்கலாம்’ என்ற வரி இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அது பழைய முறை. அந்த அனுமதியைக் கொடுத்தால் ஆபீஸ் மெயிலோடு சேர்த்து உங்கள் குழந்தையின் போட்டோவையும் அழிக்கும் பட்டன் இன்னொருவர் கைக்குப் போகிறது. ‘ஒர்க் புரொஃபைல் முறையில் கொடுங்க’ என்று கேட்கலாம். அதில் அவமரியாதை எதுவும் இல்லை.

வாட்ஸ்அப்பைப் படிப்பார்களா? எங்கே இருக்கிறேன் என்று தெரியுமா?

எம்.டி.எம். மூலம் பொதுவாகத் தெரிவது: போனின் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு, பேட்டரி, சேமிப்பு இடம், ஸ்கிரீன் லாக் இருக்கிறதா, நிர்வகிக்கப்படும் பகுதியில் உள்ள ஆப்கள்.

உங்கள் வாட்ஸ்அப் உரையாடலைத் திறந்து படிப்பது, கேலரியைப் புரட்டுவது, போன் பேச்சை ஒட்டுக்கேட்பது ஆகியவை எம்.டி.எம்.-இன் வேலை இல்லை. ஆனால், முழு நிர்வாகத்தில் உள்ள போனில் எந்த இணையதள முகவரிகளுக்குத் தொடர்பு போகிறது என்பதைப் பதிவு செய்ய வழி உண்டு. அதோடு, அட்மின் வேறு கண்காணிப்பு ஆப்பையும் அதில் நிறுவ முடியும். அதனால், முழு நிர்வாகத்தில் உள்ள கம்பெனி போனை ஆபீஸ் மேஜை போல நினைத்துக்கொள்வது நல்லது. சொந்தக் கடிதத்தை அதில் வைக்காதீர்கள்.

இருப்பிடம்? கம்பெனி ஆண்ட்ராய்டு போனில் எம்.டி.எம். ஆப்புக்கு லொகேஷன் அனுமதி இருந்தால் தெரியும். ஐபோனில் ஆப்பிள் ஒரு தடை வைத்திருக்கிறது. எம்.டி.எம். கட்டளை மூலம் இருப்பிடம் கேட்க வேண்டுமானால், முதலில் போனை ‘தொலைந்தது’ என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் போன் பூட்டிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

ஹரியானாவில் என்ன நடந்தது?

“இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், ஊழியர் ஏன் கவலைப்படணும்?” என்று கேட்பவர்களுக்கு 2021-இல் ஹரியானாவில் நடந்தது பதில் சொல்லும்.

அங்கே ஆஷா பணியாளர்களுக்கு அரசு ஸ்மார்ட்போன் கொடுத்திருந்தது. கிராமம் கிராமமாகப் போய் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் பெண்கள் இவர்கள். அந்த போனில் ‘எம்.டி.எம். 360 ஷீல்டு’ என்ற ஆப்பைப் போடச் சொன்னார்கள். பணியாளர்கள் மறுத்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். “நாங்க எங்க போறோம், என்ன பண்றோம்னு யாரோ ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருப்பாங்களா?” என்பதுதான் அவர்களுடைய எதிர்ப்பின் சாரம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆஷா பணியாளர்கள் கணக்கில் அரசு ஊழியர்கள் இல்லை, ‘தன்னார்வலர்கள்’. பெரும்பாலும் செய்த வேலைக்கு ஊக்கத்தொகைதான். சம்பளம் என்று வரும்போது தன்னார்வலர், கண்காணிப்பு என்று வரும்போது மட்டும் முழுநேர ஊழியரா? அவர்களுடைய கோபத்துக்கு இந்தக் கேள்வியும் சேர்த்துத்தான் பொருள்.

எம்.டி.எம். மென்பொருள் வேலை செய்யாததால் வந்த பிரச்சினை அல்ல இது. என்ன பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம், யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசாததால் வருகிற பிரச்சினை. அம்பத்தூரில் 30 பேர் வேலை செய்யும் கம்பெனியிலும் இதேதான் நடக்கும். கொடி பிடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். போனை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள்.

சாவியே திருடு போனால்?

எல்லா போனையும் ஓரிடத்தில் இருந்து திறக்க முடியும் என்றால், அந்த ஓரிடம் கைமாறினால் எல்லாம் போகும்.

2023 ஜூலையில் நார்வே அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் 12 அமைச்சகங்கள் பயன்படுத்திய கணினித் தளத்துக்குள் தாக்குதல் நடந்திருந்தது. நுழைந்த வழி, போன்களை நிர்வகிக்க அவர்கள் வைத்திருந்த இவான்டி நிறுவனத்தின் எம்.டி.எம். மென்பொருளில் இருந்த ஓட்டை. பூட்டு வாங்கி வைத்தார்கள், திருடன் பூட்டு வழியாகவே வந்தான்.

அடுத்தது சிங்கப்பூர். 2024 ஆகஸ்ட் 4. பள்ளி மாணவர்களின் ஐபேட், குரோம்புக் கருவிகளை நிர்வகித்து வந்த மொபைல் கார்டியன் என்ற சேவைக்குள் யாரோ நுழைந்தார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்தவை தூரத்தில் இருந்தே அழிக்கப்பட்டன. தேர்வுக்காக எழுதி வைத்த குறிப்புகளை இழந்த பிள்ளைகள் உண்டு. சிங்கப்பூர் கல்வி அமைச்சகம் அந்த ஆப்பையே எல்லாக் கருவிகளில் இருந்தும் நீக்கியது.

அழிக்கும் பட்டன் தொலைந்த போனுக்குப் பாதுகாப்பு. அதே பட்டன் தவறான கையில் கிடைத்தால் ஒரே நாளில் மொத்தமும் காலி.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அந்தக் கணக்குப்படி 2027 மே மாதம் அவை நடைமுறைக்கு வரும்.

இங்கே ஊழியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. வேலை தொடர்பான நோக்கத்துக்கும், தொழில் ரகசியம் கசிவது போன்ற இழப்பில் இருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் ஊழியரின் தகவலைத் தனியாகச் சம்மதம் வாங்காமலேயே நிறுவனம் பயன்படுத்தலாம் என்கிறது சட்டத்தின் 7-ஆம் பிரிவு. அதாவது, ‘நான் கையெழுத்துப் போடவில்லையே’ என்பது மட்டும் கை கொடுக்காது.

ஆனால், அது திறந்த காசோலை இல்லை. வேலைக்குத் தேவை என்பதைத் தாண்டினால் அந்தப் பிரிவின் நிழல் இல்லை. சேகரித்த தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பும் நிறுவனத்துக்கே. போதிய பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. தேவைக்கு மேல் ஊழியரின் தகவலைச் சேர்த்து வைப்பது முதலாளிக்கும் சொத்து இல்லை, சுமைதான்.

இன்னொருவரின் கருவியில் உள்ள தகவலை உரிமையாளர் அனுமதி இல்லாமல் அழித்தால் இழப்பீடு கேட்க, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு இடம் தருகிறது. வேலையை விட்டவரின் சொந்த போனைக் கோபத்தில் ‘வைப்’ செய்யும் முன் அட்மின் நினைவில் வைக்க வேண்டியது இது.

கம்பெனியில் அமைப்பது எப்படி? 7 படிகள்

படி 1: பட்டியல். எத்தனை போன், யார் கையில், எந்த எண், ஐ.எம்.இ.ஐ. என்ன, போன் யாருடையது. ஒரு எக்செல் ஷீட் போதும். மென்பொருள் வாங்குவது இதற்குப் பிறகுதான்.

படி 2: ஒரு பக்க விதி. தமிழிலேயே எழுதுங்கள். என்ன பார்ப்போம், என்ன பார்க்க மாட்டோம், லொகேஷன் வேலை நேரத்தில் மட்டுமா, எப்போது அழிப்போம், யார் அழிப்பார்கள். எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

படி 3: முறையைத் தேர்ந்தெடுங்கள். கம்பெனி போனுக்கு முழு நிர்வாகம் அல்லது இரண்டு அறை. சொந்த போனுக்கு ஒர்க் புரொஃபைல் மட்டும்.

படி 4: கணக்குகள் கம்பெனி பெயரில். பலர் சறுக்கும் இடம் இது. ஐபோன்களை நிர்வகிக்க ஆப்பிளிடம் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். வருடம் ஒரு முறை அதே ஆப்பிள் கணக்கில் புதுப்பிக்க வேண்டும். ஐடி பையன் தன் சொந்தக் கணக்கில் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால், எல்லா ஐபோனையும் மறுபடி முதலில் இருந்து சேர்க்க வேண்டியதுதான்.

படி 5: முதலில் மூன்று, நான்கு போன். ஆண்ட்ராய்டில் முழு நிர்வாகம் வேண்டுமானால் போன் புதிதாக இருக்க வேண்டும், அல்லது ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஊழியர் கையில் உள்ள போன் என்றால் போட்டோ, காண்டாக்ட்ஸ் எல்லாவற்றையும் பேக்அப் எடுத்த பிறகே தொடுங்கள். ரீசெட் ஆனதும் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் கோடு ஸ்கேனர் திறக்கும். எம்.டி.எம். தரும் கோடை அதில் காட்ட வேண்டும். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற போன்களுக்குப் போங்கள்.

படி 6: விதிகளைக் குறைவாக வையுங்கள். ஸ்கிரீன் லாக், அப்டேட், வெளி ஏபிகே தடை, ஆபீஸ் ஃபைலை சொந்த ஆப்புக்கு நகலெடுக்கத் தடை. தொடக்கத்துக்கு இந்த நான்கு போதும்.

படி 7: அட்மின் கணக்கைப் பூட்டுங்கள். இரண்டு அடுக்கு பாஸ்வேர்டு கட்டாயம். பல போன்களை ஒரே நேரத்தில் அழிக்க இரண்டு பேர் ஒப்புதல் என்று விதி வையுங்கள். மென்பொருளின் பாதுகாப்பு அப்டேட் வந்தால் தள்ளிப்போட வேண்டாம். நார்வேயும் சிங்கப்பூரும் சொல்லும் பாடம் இதுதான்.

போன் தொலைந்தால் முதலில் எம்.டி.எம்.-இல் பூட்டுங்கள், இருப்பிடம் பாருங்கள். அழித்துவிட்டால் பிறகு தேட முடியாது. கட்டளை போய்ச் சேர போனில் இன்டர்நெட் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அதோடு போலீஸில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கலாம். ஆனால், அந்த முடக்கம் போனை நெட்வொர்க்கில் வேலை செய்யவிடாமல் தடுக்கும், உள்ளே இருக்கும் டிராயிங்கை அழிக்காது. அதற்கு எம்.டி.எம். தான் வேண்டும்.

ஊழியர் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

* இது எந்த வகை? முழு போனா, ஒர்க் புரொஃபைலா?
* லொகேஷன் பார்ப்பீர்களா? டியூட்டி முடிந்த பிறகுமா?
* அழிக்கும் அதிகாரம் யாரிடம்? அழிக்கும் முன் எனக்குச் சொல்வீர்களா?
* நான் வேலையை விட்டால் என் போனில் இருந்து எப்போது நீக்குவீர்கள்?
* ஒர்க் புரொஃபைல் வேண்டாம் என்றால் கம்பெனி போன் தருவீர்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. மாதச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய போனை ஆபீஸ் வேலைக்குக் கொடுக்கிறார் ஊழியர். அதில் ஓர் அறையை ஆபீஸ் கேட்கலாம். வீட்டுச் சாவியைக் கேட்கக் கூடாது.

உங்கள் போனில் ஏற்கெனவே எது இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் திறந்து, தேடும் இடத்தில் ‘டிவைஸ் அட்மின்’ என்று தட்டுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அதன் கீழ் ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’. அங்கே உங்களுக்குத் தெரியாத பெயர் ஏதாவது இருந்தால், நாளை ஆபீஸ் போனதும் கேட்க வேண்டிய ஆறாவது கேள்வி அதுதான்.